மாப்பிள்ளை வந்திருக்கிறார்

முன்னறையில் கிளாட்சன் சிரிக்கிறான். அவன் ஒருத்தன் சிரித்தாலே வீட்டில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருப்பது போலிருக்கும். முதலில் சிரிப்பு வரும், எதற்குச் சிரித்தான் என்பது பின்னால் வரும், அதற்குள் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள். இதோ அப்பாவும் சிரிக்கிறார். பெர்சிஸ் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இரண்டு சிரிப்பையும் தனித்தனியாகக் கேட்டாள். ஒன்று தடிமனாக, ஒன்று இருமலோடு. கத்தி பலகையில் பட்டுப் பட்டு எழுந்தது. குன்னூரில் டிசம்பர் மாதம் அடுப்படிக்கு வெயில் வருவதில்லை, மத்தியானம் தாண்டித்தான் ஜன்னல் ஓரமாக ஒரு கீற்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். பாட்டிலில் தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது, நெய்யைக் கரண்டியால் தோண்ட வேண்டியிருந்தது, தண்ணீரில் கை வைத்தால் விரல் நுனி செத்துப்போகிறது. கிறிஸ்துமஸ் பண்டிகை நாள். விடியும் முன்பே கோயிலுக்குப் போய்வந்தாகிவிட்டது, எல்லோரிடமும் கை கொடுத்தாகிவிட்டது, கேக்கும் அச்சு முறுக்கும் தட்டுத் தட்டாகப் பக்கத்து வீடுகளுக்குப் போய்விட்டன, இனி பிரியாணி ஒன்றுதான் பாக்கி. சாப்பிட்டுவிட்டு சாயங்காலம் அவன் வண்டியைக் கிளப்புவான். தங்கை ஹெப்சியை ஏற்றிக்கொண்டு கோயமுத்தூருக்கு இறங்கிவிடுவான். பெர்சிஸ் வாசலில் நின்று கையாட்டுவாள். அதை நினைத்ததும் கத்தி வெங்காயத்தில் பாதி இறங்கி நின்றது. என்ன பண்ணப்போற? சொல்லு. என்ன பண்ணப்போற நீ?

ஹெப்சி கீழே குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில், மேசைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருந்த இடுக்கில், பஞ்சு. அவர்களோடு வண்டியில் வந்த பொமரேனியன். நேற்று வந்ததிலிருந்து அந்த இடுக்குதான் அதன் வீடு. பால் வைத்தால் குடிக்கிறது, கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டுகிறது, கண் எப்போதும் முன்னறைப் பக்கத்துக் கதவில். ஹெப்சி கரும்பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாள், மணிக்கட்டைத் தாண்டி விரல் கணு வரைக்கும் இழுத்துவிட்ட கை. நேற்று வரும்போதும் அதுதான், ராத்திரி படுக்கும்போதும் அதுதான், காலையில் பட்டுப்புடவை மேலும் அதுதான். அரிசி களையும்போதாவது ஏற்றிவிடுவாள் என்று பெர்சிஸ் பார்த்தாள். நனைந்தாலும் நனையட்டும் என்று அப்படியே களைந்தாள். ஆனால் இந்த ஊரில் ஸ்வெட்டர் போடாதவர்கள் யார், அப்பா குளியலறைக்குப் போகும்போதுகூட மப்ளரைக் கழற்றுவதில்லை, ஒருத்தி ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவன் முதலில் சிரிப்பான், மற்றவர்கள் பின்னால்.

நேற்று என்ன பார்த்தாள்? ஒன்றும் பார்க்கவில்லை. அதுதான் விஷயம், ஒன்றுமே பார்க்கவில்லை. வண்டி வந்து நின்றது, கிளாட்சன் இறங்கி அப்பாவைக் கட்டிப்பிடித்தான், ஹெப்சி நாயைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள், எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். அப்பா வாசலில் கட்டியிருந்த நட்சத்திரத்தைக் காட்டுவதற்காகக் கையிலிருந்த பேப்பரைச் சுருட்டி அந்தப் பக்கம் நீட்டினார். அவ்வளவுதான். நாய் தரையோடு தரையாகப் படுத்தது. படுத்தது என்றுகூடச் சொல்ல முடியாது, அதன் எலும்பையெல்லாம் யாரோ உருவி எடுத்துவிட்ட மாதிரி சப்பையாகிப்போனது, பிறகு அதன் கீழே ஈரம் பரவியது. அப்பா திகைத்துப்போய் பேப்பரை இறக்கினார். ‘சரியான பயந்தாங்கொள்ளி மாமா இது, தீபாவளிக்கு ரெண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கெடந்துச்சு’ என்று கிளாட்சன் சிரித்தான், ஹெப்சி துணி எடுத்து வந்து துடைத்தாள், வேகமாகத் துடைத்தாள், பழகின துடைப்பு. சரி, நாய். நாய்கள் பயப்படும். அத்தோடு விட்டிருந்தால் பெர்சிஸும் விட்டிருப்பாள். ஆனால் சாயங்காலம் பண்டிகைப் பலகாரத்துக்குக் கலகலா உருட்ட உட்கார்ந்தார்கள். புதுச் சீப்பின் முதுகில் மாவை வைத்துத் தேய்த்து உருட்டி உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள் ஹெப்சி, கோடு கோடாகச் சங்கு மாதிரி விழுந்துகொண்டிருந்தது, ஏதோ பழைய கதை பேசிக்கூடச் சிரித்துக்கொண்டிருந்தாள். மைதா டின் அவள் தலைக்கு மேல் அலமாரித் தட்டில் இருந்தது. பெர்சிஸ் எழுந்து அதை எடுக்கக் கையை உயர்த்தினாள். ஹெப்சியின் கண் மூடிக்கொண்டது. தோள் காதுவரைக்கும் ஏறியது. ஒரு கணம்தான். பெர்சிஸின் கை டின்னைத் தொட்டபடி அப்படியே நின்றது. ‘பூச்சின்னு நெனச்சேன்க்கா’ என்றாள் ஹெப்சி. இந்தக் குளிரில் ஏது பூச்சி. ஒரு கொசுகூடக் கிடையாது. அதற்குப் பிறகு பெர்சிஸ் ஒரு கலகலாவைக்கூட ஒழுங்காக உருட்டவில்லை. எல்லாம் சப்பையாகவே வந்தது.

வெங்காயம் பொன்னிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கிண்டிவிட்டாள். கருகினால் அவன் சொல்வான். சொல்லட்டும். அவன் சொல்வதற்கு என்ன வேண்டும், வாயைத் திறந்தால் போதும், தேன்தான். இன்று காலை கோயிலில் பாடினான், விருந்தாளியாக வந்தவனைப் பாடகர் குழுவில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார்கள். என்ன குரல் அது. பெர்சிஸுக்கு முதுகு சிலிர்த்தது, சிலிர்த்ததற்காகத் தன் முதுகின் மேலேயே கோபம் வந்தது. போதகர் சமாதானத்தைப் பற்றிப் பேசினார். வீடுகளில் சமாதானம் உண்டாவதாக என்றார். பெர்சிஸ் பக்கவாட்டில் பார்த்தாள். ஹெப்சி குனிந்து மடியில் இருந்த கைக்குட்டையை நாலாக எட்டாக மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் பல்லாவரத்து அத்தை பிடித்துக்கொண்டாள், ‘உன் தங்கச்சி குடுத்து வச்சவ பெர்சி, இப்படி ஒரு மனுசன் கெடைக்கணுமே’ என்றாள், சொல்லிவிட்டு சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள், பெர்சிஸின் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். அந்தத் தட்டல். அதுதான் அவள் தொண்டையில் இத்தனை வருஷமாக நிற்கும் முள். வாயைத் திறந்தாலே முதலில் அது குத்தும்.

ஏனென்றால் அவன் முதலில் பெர்சிஸைப் பார்க்கத்தான் வந்தான். இதே முன்னறை. அம்மா அப்போது இருந்தாள். அவனும் அவன் அம்மாவும் வந்தார்கள், பெர்சிஸ் காப்பி கொண்டுபோய் வைத்தாள், என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டான், ஹாஸ்டல் வார்டன் வேலை கஷ்டமா என்று கேட்டான், அவள் சொன்ன எதற்கோ சிரித்தான். அந்தச் சிரிப்பு அன்றைக்கு அவளுக்குக் கூட்டமாகக் கேட்கவில்லை. அவளுக்கு மட்டுமென்று கேட்டது. கிளம்பும் நேரத்தில் ஹெப்சி கல்லூரி விட்டு வந்தாள், மழையில் நனைந்து, கையில் ஒரு கம்பி உடைந்த குடை. அவ்வளவுதான் நடந்தது. ஒரு வாரம் கழித்து தரகர் வந்து, மாப்பிள்ளை வீட்டில் சின்னப் பெண்ணைக் கேட்கிறார்கள் என்றார். அம்மா அழுதாள். அப்பா பெர்சிஸின் அறை வாசலில் வந்து நின்றுகொண்டு உள்ளே வராமலே, ‘உனக்கு ஒண்ணும் இல்லையேம்மா’ என்று கேட்டார். ‘ஒண்ணும் இல்லைப்பா’ என்றாள். சொன்னது சொன்னதுதான். அந்தப் பதிலை வைத்துத்தான் இந்த வீடு ஓடியது, கல்யாணம் நடந்தது, அவளே மணப்பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டாள், பெரிய மனசு என்றார்கள், தங்கம் என்றார்கள். ஆனால் அந்த ஒரு வாரம் இருக்கிறதே, சொல்லி அனுப்புவதற்கு முந்தின அந்த ஏழெட்டு நாள், அப்போது பெர்சிஸ் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிகமாக நின்றாள். நீலப் புடவை ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள், அவன் மறுபடி வந்தால் கட்ட. அவனைவிட அந்த வாரத்தைத்தான் அவள் அதிகம் வெறுக்கிறாள். அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு அவள் கண்ணை அவளே நம்புவாள். இப்போது என்ன பார்த்தாலும், உள்ளே ஒரு குரல் கேட்கிறது, நீ பார்க்க ஆசைப்பட்டதைத்தானே பார்க்கிறாய்? தங்கை சந்தோஷமாக இல்லை என்று தெரிந்தால் உனக்கு நிம்மதிதானே? அந்தக் குரல் பல்லாவரத்து அத்தையின் குரலில் பேசும், சில நாள் அம்மாவின் குரலில்.

கறியைப் போட்டுப் புரட்டினாள். மசாலா வாசம் எழுந்து கண்ணில் ஏறியது. கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட ஒரு வார்த்தை அவளிடம் கிடையாது. தம்பி என்றால் பொருந்தாது, அவன் வயதில் மூத்தவன், பெயர் சொல்லவும் முடியாது. அதனால் எதிரில் போய் நின்று ‘நீங்க’ என்று ஆரம்பிப்பாள். மனசுக்குள் மட்டும் அவன், இவன், இந்த ஆள். ஹாஸ்டலில் எத்தனை பிள்ளைகள், லீவு முடிந்து வீட்டிலிருந்து வரும்போதே நடையைப் பார்த்தால் தெரிந்துவிடும். தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, வேறு ஏதோ பேசுகிற மாதிரிப் பேசி, மெல்லக் கேட்டுவிடுவாள். சொல்லிவிடும் பிள்ளைகள். சொல்லிவிட்டு மடியில் படுத்து அழும். இங்கே கையெட்டும் தூரத்தில் கூடப்பிறந்தவள் பூண்டு உரிக்கிறாள், கேட்க வாய் வரவில்லை.

‘ஸ்வெட்டர் கையை மடிச்சு விட்டுக்கோயேன் ஹெப்சி. பூரா ஈரமா இருக்கு.’

‘குளிருதுக்கா.’

‘அடுப்புக்கிட்ட உக்காந்திருக்க, இன்னுமா குளிருது?’

‘எனக்குக் குளிருது’ என்றாள் ஹெப்சி, தலையைத் தூக்காமல். பூண்டுத் தோல் காற்றில் பறந்து நாயின் மூக்கில் ஒட்டியது. அது அதைக்கூட உதறவில்லை.

அத்தோடு முடிந்தது. அரிசியைக் கொட்டினாள், தண்ணீர் வற்றும்வரை நின்றாள், புதினாவைத் தூவி மூடியை வைத்து, விளிம்பைச் சுற்றி மைதா மாவை அப்பித் தம் போட்டாள். மேலே கனமாக அம்மிக் குழவியை ஏற்றினாள். அப்போதுதான் முன்னறையிலிருந்து செருப்புச் சத்தம் வந்தது. சத்தம் வருவதற்கு முன்பே நாய்க்குத் தெரிந்துவிட்டது, சிலிண்டருக்குப் பின்னால் இன்னும் உள்ளே போனது. ஹெப்சிக்கும் தெரிந்துவிட்டது. முகத்தில் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது, ஒரு புன்னகையின் ஆயத்தம். இது நாயைவிட மோசம் என்று பெர்சிஸ் நினைத்தாள். நாய்க்காவது சிரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

‘என்ன மதினி, வாசம் கேட் வரைக்கும் வருது! மாமா பசி தாங்காம கேக்கையே மறுபடி வெட்டச் சொல்றாரு.’ கிளாட்சன் கதவு முழுவதையும் நிரப்பிக்கொண்டு நின்றான். புதுச் சட்டை, தலைமுடியில் எண்ணெய் மினுக்கம், கன்னத்தில் மழித்த பச்சை. அழகன்தான். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘கொஞ்சம் ருசி பாக்கலாமா?’

‘தம் போட்டிருக்கு. இப்ப தெறக்கக்கூடாது.’

‘மதினி கை வச்சா தம்மெல்லாம் எதுக்கு?’ சிரித்துக்கொண்டே வந்து குழவியை எடுத்துக் கீழே வைத்தான், கத்தியால் மாவைக் கீறி மூடியைத் தூக்கினான். அத்தனை நேரம் அடைத்து வைத்த ஆவி மொத்தமும் கூரைக்கு எழுந்தது. பெர்சிஸ் பார்த்துக்கொண்டு நின்றாள். கரண்டியால் ஓரத்தில் கிண்டி வாயில் போட்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டினான். ‘அருமை. உப்பு ஒரு சிட்டிகை தூக்கல், ஆனா அருமை. இவளுக்கும் சொல்லிக்குடுங்க. இவ்வளவு வருசமா சொல்றேன், இவளுக்கு வரவே மாட்டேங்குது.’ சொல்லியபடியே ஹெப்சியின் பிடரியில் கையை வைத்தான், செல்லமாக, யார் பார்த்தாலும் செல்லமாக. ஹெப்சியின் விரல்களில் பூண்டு அப்படியே நின்றது. கட்டைவிரலால் அவள் கழுத்தை மெல்லத் தேய்த்துக்கொண்டே அவன் பெர்சிஸைப் பார்த்துச் சிரித்தான். பார்த்துக்கோ என்கிற மாதிரி. இல்லை, அப்படி இல்லை, சும்மா சிரித்தான். இல்லை, பார்த்துக்கோ என்றுதான் சிரித்தான். ‘மேடம், நல்ல தட்டா எடுத்து வைங்க, மாமா வீட்ல வந்தும் நெளிஞ்ச தட்டுல போட்டுடாதீங்க’ என்று ஹெப்சியிடம் சொல்லிவிட்டுப் போனான். மூடியை மூடவில்லை.

பெர்சிஸ் மூடியை எடுத்து வைத்தாள், மறுபடி மாவைப் பிசைந்து ஒட்டினாள். சரியாக ஒட்டவில்லை. போன ஆவி போனதுதான். கரண்டியை எடுத்து அவன் முதுகில், வேண்டாம், தலையில், அந்த மினுக்கும் முடியின் நடுவில், ஒரே ஒரு தடவை. அந்தக் காட்சி அத்தனை தெளிவாக வந்தது, சத்தம்கூடக் கேட்டது. நீயும் அதே சாதிதான், உனக்குக் கை வரவில்லை, அவ்வளவே. ‘ஹெப்சி’ என்றாள். குரல் எதிர்பார்த்ததைவிடக் கரகரப்பாக வந்தது. ‘நீ இங்கயே கொஞ்ச நாள் இரேன். அவர் போகட்டும். பொங்கல் கழிச்சுப் போலாம்.’

ஹெப்சி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைப் பெர்சிஸ் இதற்கு முன் பார்த்ததில்லை. ‘எதுக்கு?’

‘சும்மாதான். அப்பாவுக்கும் ஆறுதலா இருக்கும்.’

‘எதுக்குக்கா? நேத்துலேர்ந்து என்னையே பாத்துட்டிருக்க. சோறு திங்கறப்ப பாக்குற, குளிச்சுட்டு வந்தா பாக்குற. என்ன தேடுற? கெடைச்சா என்ன பண்ணுவ?’ குரல் உயரவில்லை, முன்னறைக்குக் கேட்கக்கூடாது என்கிற கவனம் ஒவ்வொரு வார்த்தையிலும் இருந்தது. ‘உனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. எனக்குத் தெரியும். ஏன்னும் தெரியும்.’

எத்தனையோ வருஷமாக எதிர்பார்த்த அடி. ஊரில் யாரிடமிருந்தாவது வரும் என்று நினைத்தாளே தவிர, இந்தத் திசையிலிருந்து வரும் என்று நினைக்கவில்லை. பெர்சிஸ் திரும்பி ஜன்னலைப் பார்த்து நின்றாள். கண்ணாடியில் புகை படிந்திருந்தது, அதற்கு அப்பால் தேயிலைச் சரிவு மங்கலாக, அதற்கும் அப்பால் ஒன்றும் இல்லை. சரி. அவளே சொல்லிவிட்டாள். இனி உனக்கென்ன? கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போ. அவளுக்கு வேண்டுமென்றால் இருக்கட்டும், பட்டுப் புடவையும் ஸ்வெட்டருமாக, நல்ல தட்டில் போட்டு நீட்டிக்கொண்டு. நன்றி கெட்டவள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், பெர்சிஸின் பங்குக் கேக்கைத் தின்றுவிட்டு நீதானே குடுத்தே என்பாள். கோபம் சூடாக, சுகமாக ஏறியது, குளிருக்கு இதமாகக்கூட இருந்தது. ஆனால் அதன் அடியில் ஒன்று உறுத்தியது. கெடைச்சா என்ன பண்ணுவ என்று கேட்டாளே. ஒன்றும் இல்லை என்று ஹெப்சி சொல்லவே இல்லை. தேடாதே என்றுகூடச் சொல்லவில்லை. கிடைத்தால் என்ன செய்வாய் என்றுதான் கேட்டாள்.

சாப்பாட்டு மேசையில் வெள்ளை விரிப்பு, நடுவில் பிரியாணிச் சட்டி, தாளிச்சா, தயிர்ப் பச்சடி, பொரித்த கோழி, அப்பா வீட்டிலேயே ஊறப்போட்ட திராட்சை ஒயின் குட்டிக் குட்டி டம்ளர்களில். கிளாட்சனை ஜெபம் பண்ணச் சொன்னார் அப்பா. பண்ணினான். கண்ணை மூடி, இந்த ஆகாரத்தைச் சமைத்த கைகளை ஆசீர்வதியும் என்றான். பெர்சிஸ் கண்ணை மூடவில்லை. ஹெப்சியும் மூடவில்லை. இரண்டு பேரும் மேசைக்கு மேல் ஒருவரையொருவர் பார்த்தார்கள், உடனே விலக்கிக்கொண்டார்கள். அப்பா கறியைப் பிய்த்து மாப்பிள்ளை தட்டில் வைத்தார், எலும்போடு நல்ல துண்டு. தேயிலை ஃபாக்டரியில் ஆயுசு முழுக்க அதட்டி அதட்டி வேலை வாங்கிய மனுஷர், இவன் முன்னால் மட்டும் குழைகிறார். அம்மா போன பிறகு வீட்டில் இன்னொரு ஆண் குரல் இவன் வந்தால்தான் கேட்கிறது, அதற்காகக் குழைகிறார். பெர்சிஸ் தன் தட்டில் சோற்றைக் கிண்டினாள். நடுவில் இருந்த அரிசி சரியாக வேகவில்லை, பல்லில் நறுக்கென்றது. யாரும் சொல்லவில்லை. அவன் மட்டும் ஒரு பருக்கையை எடுத்து விரல்களுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்துவிட்டுப் புன்னகையோடு தின்றான்.

நாய் மேசைக்கு அடியில் ஹெப்சியின் கால் ஓரமாக வந்து படுத்திருந்தது. கிளாட்சன் ஓர் எலும்பைக் கீழே காட்டினான். ‘பஞ்சு, வா.’ வரவில்லை. ‘வா, பண்டிகை ஒனக்கும்தான்.’ வரவில்லை. ‘பாத்தீங்களா மாமா, தினம் சோறு போடுறவன் நான், ராஜா மாதிரி வச்சிருக்கேன், கூப்பிட்டா வருதான்னு பாருங்க.’ சிரித்தான். அப்பா சிரித்தார். ‘வா’ என்றான் மூன்றாவது முறை, அந்த வாவில் சிரிப்பு இல்லை. காலை நீட்டி அதன் கழுத்துப் பட்டையில் செருப்பு நுனியை மாட்டி இழுத்தான். தரையில் நகம் கீறும் சத்தம். பிறகு ஒரு சின்னக் கீச்சு. பிறகு அவன் கீழே பார்த்தான். புது பேன்ட்டின் ஓரம் ஈரமாகியிருந்தது. அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, அதுதான் பயங்கரம், வாய் அப்படியே சிரித்தபடி இருந்தது. குனிந்து நாயைப் பிடரியோடு தூக்கினான். மற்றக் கை மேலே போனது.

‘கையைக் கீழ போடுங்க’ என்றாள் பெர்சிஸ்.

எழுந்து நின்றுகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கையில் சோறு ஒட்டியிருந்தது.

‘நாயத்தான மதினி...’

‘நாயையும் சேத்துத்தான் சொல்றேன்.’

நாய் அவன் கையில் தொங்கியது. அப்பா, ‘பெர்சி, அந்தப் பச்சடியை இந்தப் பக்கம் தள்ளும்மா’ என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு. அவள் தள்ளவில்லை. கிளாட்சன் நாயை விட்டான், அது விழுந்து ஓடியது. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, மறுபடி சிரித்தான். ‘மாமா, மதினிக்கு அந்தப் பழைய வருத்தம் இன்னும் மனசுல இருக்கு போல. அன்னைக்கு நான் ஹெப்சியைக் கேட்டது. இருக்கும், மனுச மனசுதானே. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல.’ அப்பாவின் உதடு பழக்கத்தில் ஒரு பக்கமாகச் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நின்றது.

வந்துவிட்டது. அந்த வார்த்தை கடைசியில் மேசைக்கே வந்துவிட்டது. இதைக் கேட்டால் தரை பிளந்து உள்ளே போய்விடுவோம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். எத்தனை பேச்சை விழுங்கினாள், எத்தனை தடவை கோயமுத்தூருக்குப் போகாமல் இருந்தாள், போனில்கூட நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு பதில் முழுக்க வருவதற்குள் வைத்தாள், இதற்குப் பயந்து. தரை பிளக்கவில்லை. தாளிச்சாவில் எண்ணெய் மிதந்தது. காலில் குளிர் ஏறியது. இவ்வளவுதானா?

‘ஆமா’ என்றாள். ‘அன்னைக்கு ஒரு வாரம் உங்களை எனக்குப் பிடிச்சிருந்தது. உண்மைதான். புடவைகூட எடுத்து வச்சேன். ஹெப்சிய ஸ்வெட்டரைக் கழட்டி அப்பாகிட்ட கையைக் காட்டச் சொல்லுங்க. அதுவும் உண்மையா இல்லையான்னு பாத்துருவோம்.’

‘அக்கா, சும்மா இரு.’

‘எந்திரி ஹெப்சி’ என்றான் கிளாட்சன். ‘கெளம்புறோம். பண்டிகை நாள்ல வீட்டுக்குக் கூப்பிட்டு இப்படியா. எந்திரி.’

ஹெப்சி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கை தானாகப் போய் வலது மணிக்கட்டின் மேல் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டது. அப்பா அந்தக் கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பெர்சிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள், அதில் திகைப்பைத் தேடினாள். திகைப்பு இல்லை. அப்போது அவளுக்குப் புரிந்தது, இவருக்கும் தெரியும். நேற்று பேப்பரைச் சுருட்டி இறக்கினாரே, அப்போதே தெரியும், அதற்கு முன்பே தெரிந்திருக்கலாம், இவரும் எதற்கோ பயந்து பச்சடியைத் தள்ளச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் வந்தது.

‘கையக் காட்டும்மா’ என்றார் அப்பா. ஹெப்சி அசையவில்லை. ‘சரி, வேண்டாம். காட்ட வேண்டாம். நீ உக்காரு. சாப்பிடு.’ பிறகு மேசை விளிம்பைப் பிடித்து மெல்ல எழுந்தார். ஹெப்சியின் நாற்காலிக்கும் கிளாட்சனுக்கும் நடுவில் வந்து நின்றார். உயரத்தில் அவன் தோள் வரைக்கும்தான் வந்தார். ‘பனி எறங்குறதுக்குள்ள மலை எறங்கிடுங்க மாப்ள. அப்புறம் வளைவுல கண்ணு தெரியாது.’

‘மாமா, நீங்களுமா? இவ பேச்சைக் கேட்டுக்கிட்டு...’

‘வண்டியை மெதுவா ஓட்டுங்க’ என்றார் அப்பா. நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

கிளாட்சன் ஹெப்சியைப் பார்த்தான். ‘நீ சொல்லு. வர்றியா, இல்லையா?’ அதைக் கேட்ட விதத்தில் அத்தனை வாஞ்சை இருந்தது. பெர்சிஸே ஒரு கணம் நம்பியிருப்பாள். ஹெப்சி வாயைத் திறந்தாள். போகிறேன் என்றுதான் சொல்லப்போகிறாள், இதோ எழுந்துவிடுவாள், செருப்பைத் தேடுவாள், எல்லாம் முடிந்தது, நான்தான் கெடுத்தேன், இனிமேல் இவள் இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள், அங்கே கதவைச் சாத்திவிட்டு இன்றைக்கு நடந்ததற்கெல்லாம் சேர்த்து... ‘நான் சாப்பிட்டுட்டு இருக்கேன் அத்தான்’ என்றாள் ஹெப்சி.

கிளாட்சன் பையை எடுத்துக்கொண்டு, நாற்காலி ஒன்றைக் காலால் தள்ளிவிட்டுப் போனான். வெளியே வண்டி உறுமியது. ஹாரன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது, நீளமாக, அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் கேட்கும்படி. ஒவ்வொரு ஹாரனுக்கும் ஹெப்சியின் இடுப்பு நாற்காலியிலிருந்து ஒரு விரல்கடை எழும்பி மறுபடி உட்கார்ந்தது. பெர்சிஸ் அதைப் பார்க்கச் சகிக்காமல் சட்டியைப் பார்த்தாள். சந்தோஷமாக இருக்கிறாயா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். எங்கோ ஒரு மூலையில் கொஞ்சம் இருந்தது, அழுக்காக, மறுக்க முடியாமல். இருக்கட்டும். அதைத் துடைத்து எடுக்க இப்போது நேரமில்லை. வண்டி கிளம்பியது. முதல் வளைவில் சத்தம் தேய்ந்தது, அடுத்த வளைவில் கேட்டது போலவும் கேட்காதது போலவும் இருந்தது.

‘நாளைக்கு வருவாரு’ என்றாள் ஹெப்சி. ‘வாசல்ல உக்காந்து அழுவாரு. உங்களுக்குத் தெரியாது. நான் போனாலும் போயிடுவேன்.’

அப்பா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெர்சிஸ் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

‘நீ பேசாத’ என்றாள் ஹெப்சி. கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. ‘நல்ல நாளும் அதுவுமா எல்லாத்தையும் நடுவுல போட்டு ஒடச்ச. சொல்லிட்டல்ல, திருப்தியா? உன்கூட நான் பேசப்போறதில்ல. எத்தன நாள் இங்க இருந்தாலும் பேசப்போறதில்ல.’

‘பேசாத’ என்றாள் பெர்சிஸ்.

முன்னறையில் நாய் எதையோ நக்கிக் குடிக்கும் சத்தம் கேட்டது. ஹெப்சி மூக்கை உறிஞ்சினாள். ஆறிப்போன சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போட்டாள், வேகாத அரிசியை மென்றாள், இன்னொரு வாய் போட்டாள். பிறகு யாரையும் பார்க்காமல் தட்டைப் பெர்சிஸ் பக்கமாகக் கொஞ்சம் தள்ளினாள்.

‘பசிக்குது’ என்றாள்.